நீர் மாத்திரையும் பேருந்துப் பயணமும்

இதயச் செயலிழப்பு, அதாவது உடம்புக்குத் தேவையான ரத்தத்தை இதயத்தால் இறைக்க முடியாத நோய்க்கான பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மறுபரிசோதனை நாளில், வருபவரின் பை யார் கையில் இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் போகும். ஆண் நோயாளி என்றால் மருந்துச் சீட்டு, எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாம் மனைவியின் மஞ்சப்பையில் இருக்கும். காலையில் எந்த மாத்திரை, நேற்று எடை எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்வதும் அவர்தான். பெண் நோயாளி தன் பையைத் தானே தூக்கி வருவார். கூட வந்த மகன் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் சீட்டுப் போட்டு வரிசையிலும் நின்றிருப்பார். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்று பார்த்தால், எக்கோவில் இரண்டு பேருக்கும் ஒரே 25 சதவீதம்தான்.

நோய் வந்த வழி பெரும்பாலும் வேறு. ஆண்களிடம் பழைய மாரடைப்பு, சர்க்கரை, புகை, குடி என்று கதை ஓரளவு ஒரே தடத்தில் போகும். பெண்களிடம் அப்படியில்லை. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்திருக்கும். மார்பகப் புற்றுக்குக் கொடுத்த மருந்து இதயத்தசையைத் தளர்த்தியிருக்கும். வயதான பெண்கள் பலருக்கு இதயம் சுருங்குவதில் குறையிருக்காது, ஆனால் தசை இறுகிப்போய் விரியாது. ‘எக்கோ நார்மல்’ என்று ஊரில் திருப்பி அனுப்பப்பட்டு, மூச்சுத்திணறலோடு மாதக்கணக்கில் அலைந்த பிறகு எங்களிடம் வருவார்கள். எனக்கு அதிகம் வலிப்பது பேறுகால இதயத்தசை நோய். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து, பிரசவமாகி ஐந்து மாதம் வரை இது வரலாம். கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், “புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் எத்தனை நாளை விழுங்கிவிடுகிறது என்பதை வார்டில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூச்சு வாங்குதா என்று கேட்டால் ஆண்கள் கணக்காகச் சொல்வார்கள்: டீக்கடை வரைக்கும் நடக்க முடியவில்லை, மாடிப்படி பாதியில் நிற்கிறேன். பெண்கள், “ஒண்ணுமில்ல சிஸ்டர், கொஞ்சம் அசதி” என்பார்கள். துருவிக் கேட்டால்தான் வெளியே வரும். குடத்தில் தூக்கிய தண்ணீரைச் சொம்பில் தூக்குகிறார், உட்கார்ந்துதான் சமைக்கிறார், துணியை மருமகள் துவைக்கிறாள். நோய்க்குத் தக்கபடி வேலையைச் சுருக்கிக்கொண்டதால் மூச்சு வாங்கவில்லை. அதை நலம் என்று குறித்துக்கொண்டால் அடுத்த கட்டச் சிகிச்சைக்கு அவரை அனுப்பும் நாள் தள்ளிப்போகும். இப்போது நான், “போன தீபாவளிக்குச் செஞ்ச எந்த வேலைய இப்ப விட்டுட்டீங்கம்மா?” என்று கேட்கிறேன்.

நீர் மாத்திரை விஷயம் இன்னும் கொடுமை. உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் மாத்திரை அது; போட்டால் சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் போகவேண்டியிருக்கும். ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிவிடுகிறார்கள். பேருந்தில் இரண்டு மணி நேரம் வரும் பெண்ணோ, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணோ என்ன செய்வார்? மாத்திரையை விட்டுவிடுகிறார், தண்ணீரும் குடிப்பதில்லை. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று வெளியே போகும் நாளெல்லாம் இப்படித்தான். நுரையீரலில் நீர் கோத்து நள்ளிரவில் சேர்க்கப்படும்போது ‘மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படும். பேருந்து நிலையத்தில் உள்ளே போகிற மாதிரி ஒரு கழிப்பறை இல்லை என்பது அதில் ஏறுவதில்லை. பலருக்கு, வெளியே போகும் நாளில் வீடு திரும்பிய பிறகு அந்த மாத்திரையைப் போட டாக்டரே அனுமதிப்பார். இதைக் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் நாங்களே கேட்டுவிடுகிறோம்.

உப்பும் அப்படித்தான். கணவருக்கு நோய் என்றால் வீட்டுக் குழம்பிலேயே உப்புக் குறையும். தனக்கு நோய் என்றால் அம்மா தனியாக ஆக்கிக்கொள்ள மாட்டார். எல்லோரும் சாப்பிட்டது போக மிஞ்சியதைத்தான் சாப்பிடுவார்.

ஆண்கள் சொல்லாமல் மறைப்பதும் உண்டு. ஸ்பைரனோலாக்டோன் என்ற இதயச் செயலிழப்பு மாத்திரை சாப்பிடும் ஆண்களில் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும்; 1999-இல் வெளியான பெரிய ஆய்வில் பத்தில் ஒருவருக்கு இது வந்தது. வெட்கத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. மாற்று மருந்து இருக்கிறது என்று நாமாக எடுத்துச் சொன்னால்தான் வாயைத் திறப்பார்கள்.

நாங்கள் பின்பற்றும் வழிமுறைகள் பெரும்பாலும் ஆண்களைப் பார்த்து எழுதப்பட்டவை. 2014-இல் வெளியான பாராடைம் என்ற இதயச் செயலிழப்பு மருந்து ஆய்வில் பெண்கள் ஏறத்தாழ 22 சதவீதம். 2013-இல் திருவனந்தபுரம் மருத்துவமனைகளில் பதிவான 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் பெண்கள் 31 சதவீதம். பொதுவாக இந்த நோயோடு பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். ஆனால் அசதியும் மனச்சோர்வும் அவர்களிடம் அதிகம். ஆயுளை மட்டும் பார்த்து, பெண்களுக்கு நோய் லேசு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

முற்றிய நிலையில் இதய மாற்றுதான் வழி என்று வரும்போது இடைவெளி இன்னும் விரிகிறது. எல்லா உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், இந்தியாவில் 1995 முதல் 2021 வரை உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். உயிரோடு இருக்கும்போது உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண்ணுக்கு உடல் சார்ந்த தடைகளும் உண்டு. சிறிய மார்புக்கூட்டில் பெரிய உடம்புக்காரரின் இதயம் பொருந்தாமல் போகலாம். பிரசவங்களால் ரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள்கள் பொருத்தத்தைக் குறைக்கும். அதெல்லாம் மருத்துவம் பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்பே, பட்டியலில் பெயர் ஏற்ற, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் ஒருவர் வேண்டும். ஆணுக்கு அந்த இடத்தில் மனைவி பெயரை யோசிக்காமல் எழுதுகிறார்கள். பெண்ணுக்கு வீடே கூடிப் பேசவேண்டியிருக்கிறது.

இப்போது காத்திருப்போரில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் இருக்கிறார். அவருக்காகக் கையெழுத்துப் போட்டவர் அவருடைய அண்ணி. தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள்; மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் போன் செய்துவிட வேண்டும்.