எல்பிஐசி-1 அச்சுப் பகுதி: 200 வந்தால் தாள் வந்துவிட்டது என்று பொருளல்ல

எல்பிஐசி-1 என்ற லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வின் முடிவு வந்துவிட்டது, தேர்ச்சி. பெரிய நிம்மதி. அதன் 102-500 தேர்வில் அச்சு பற்றிய 108.4 பாடப்பகுதிக்கு எடை 2 மட்டுமே என்பதால் பலரும் அதைக் கடைசி இரவுக்குத் தள்ளிவைக்கிறார்கள். கட்டளைகளை மட்டும் உருப்போட்டுவிட்டு, நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகளைத் திறந்தே பார்க்காமல் போகிறார்கள். அங்கேதான் மதிப்பெண் நழுவுகிறது. தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், ஆகவே அவை இங்கே இல்லை. லினக்ஸின் அச்சுச் சேவையான கப்ஸ் எழுதும் லாக்கை எப்படிப் படிப்பது என்பது மட்டும் இருக்கிறது.

இருப்பவை மூன்று கோப்புகள்: அக்சஸ் லாக், எர்ரர் லாக், பேஜ் லாக். இடம் /வார்/லாக்/கப்ஸ். பெயர்களில் இரண்டு சொற்களுக்கு நடுவே அடிக்கோடு உண்டு, "புள்ளி லாக்" என்ற வால் கிடையாது. கோடிட்ட இடத்தில் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்வியில் இந்த ஒரு எழுத்துப் பிழைக்கும் மதிப்பெண் போய்விடும்.

9-ஆவது புலம், 12-ஆவது புலம்

வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது படியுங்கள். அக்சஸ் லாக்கின் ஒரு வரி இப்படி இருக்கும்:

லோக்கல்ஹோஸ்ட் - - [12/மே/2024:10:15:32 +0000] "போஸ்ட் /பிரிண்டர்ஸ்/லேசர்1 எச்டிடிபி/1.1" 200 341 க்ரியேட்-ஜாப் சக்ஸஸ்ஃபுல்-ஓகே

இடைவெளியால் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு புலமாக எண்ணினால்: 1 கணினி, 2 எப்போதும் வெறும் கோடு, 3 பயனர், 4-உம் 5-உம் சேர்ந்து நேரம், 6 முதல் 8 வரை கோரிக்கை, 9 எச்டிடிபி நிலை எண், 10 பைட், 11 ஐபிபி (அச்சு வேலைக்கான நெறிமுறை) செயல், 12 ஐபிபி நிலை. வெப் சர்வர் லாக் பார்த்துப் பழகியவர்கள் 9-ஆவதில் 200-ஐக் கண்டதும் "சரியாகிவிட்டது" என்று நின்றுவிடுகிறார்கள். அந்த 200 சொல்வது, கோரிக்கை வந்து சேர்ந்தது, பதில் அனுப்பியாயிற்று, அவ்வளவே. அச்சு வேலை ஏற்கப்பட்டதா என்பதை 12-ஆவது புலம்தான் சொல்லும்.

சோதித்துப் பாருங்கள். கப்ஸ்ரிஜெக்ட் கட்டளையால் ஒரு பிரிண்டரை வேலை வாங்காமல் நிறுத்திவிட்டு ஒரு கோப்பை அனுப்புங்கள். 9-ஆவதில் 200 நிற்கும். 12-ஆவதில் "சர்வர்-எர்ரர்-நாட்-அக்செப்டிங்-ஜாப்ஸ்" என்று வரும். ஒரே வரியில் இரண்டும் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு. பிரிண்டரைச் சேர்க்கும்போது அடுத்தடுத்து இரண்டு வரிகள் விழும். முதல் வரியில் 401, ஆனால் கடைசிப் புலம் சக்ஸஸ்ஃபுல்-ஓகே. அடுத்த வரியில் பயனர் பெயரோடு 200. இது ஊடுருவலும் அல்ல, கோளாறும் அல்ல. கிளையன்ட் (கேட்கும் நிரல்) கடவுச்சொல் இல்லாமல் முதலில் கேட்கிறது, சர்வர் மறுக்கிறது, கடவுச்சொல்லோடு மறுபடி கேட்கிறது. 401-க்குப் பின்னால் 200 வந்தால் இயல்பு. 401 மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால் கடவுச்சொல் தவறு. 403 என்றால் அந்த முகவரிக்கு அனுமதி இல்லை, கப்ஸின் அமைப்புக் கோப்பான கப்ஸ்டி.கான்ஃப்-இன் லொகேஷன் பகுதிகளைப் பார்க்க வேண்டும். 426 என்றால் குறியாக்கத்தோடு வரச் சொல்கிறது.

ஆக, இரண்டு புலங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். இரண்டும் நன்றாக இருந்தாலும் அதன் பொருள் "வரிசையில் சேர்ந்தது" என்பதுதான். தாள் வெளியே வந்ததா என்பது அக்சஸ் லாக்குக்குத் தெரியவே தெரியாது.

இந்தக் கோப்பைப் பற்றி இன்னும் சில:

- வேலை எண் இதில் வராது. எர்ரர் லாக்கோடு பொருத்த நேரம் ஒன்றுதான் வழி.
- பயனர் புலத்தில் வருவது கடவுச்சொல் கொடுத்து உறுதியான பெயர் மட்டும். கோடு இருந்தால் "யாரோ அநாமதேயர்" என்று முடிவுகட்ட வேண்டாம். அச்சிட்டவரை எர்ரர் லாக்கிலோ பேஜ் லாக்கிலோ தேடுங்கள்.
- ஒரு வேலைக்கு க்ரியேட்-ஜாப், சென்ட்-டாக்குமென்ட் என்று இரண்டு வரி விழலாம். முதலாவதில் பைட் சில நூறு, இரண்டாவதில் ஆவணத்தின் அளவை ஒட்டிய எண். முதல் வரி இருந்து இரண்டாவது வரவில்லையென்றால் ஆவணம் வந்து சேரவில்லை.
- எதையெல்லாம் இதில் பதிய வேண்டும் என்று சொல்லும் அக்சஸ்லாக்லெவல் அமைப்பின் மதிப்புகள் மூன்று: கான்ஃபிக், ஆக்‌ஷன்ஸ், ஆல். இயல்பு ஆக்‌ஷன்ஸ். பிரிண்டர் நிலைமையை விசாரிக்கும் சாதாரணக் கோரிக்கைகள் இந்த அளவில் பதிவாகாது. "கிளையன்ட் பேசவே இல்லை" என்று முடிவுகட்டும் முன் ஆல் வைத்துப் பாருங்கள்.

எர்ரர் லாக்: காலியாக இருப்பது நல்ல செய்தி அல்ல

பெயர்தான் எர்ரர் லாக். நடப்பது எல்லாமே இங்கேதான் பதிவாகும். ஆனால் எவ்வளவு விவரம் பதிய வேண்டும் என்று சொல்லும் லாக்லெவலின் இயல்பு மதிப்பு வார்ன், அதாவது எச்சரிக்கையும் அதைவிடக் கடுமையானதும் மட்டும். அந்த அளவில் ஒழுங்காக நடந்த வேலை ஒரு தடயமும் விடாது. பாதியில் தொங்கும் வேலையும் சில சமயம் சத்தமில்லாமல் கிடக்கும்.

வரியின் முதல் எழுத்து தீவிரத்தைக் குறிக்கும். கடுமையானதிலிருந்து கீழே: எக்ஸ், ஏ, சி, ஈ, டபிள்யூ, என், ஐ, பெரிய டி, சின்ன டி. எமர்ஜென்சிக்கு எக்ஸ், ஈ எழுத்தை எர்ரர் எடுத்துக்கொண்டது என்று நினைவில் வையுங்கள். பெரிய டி என்றால் டீபக் (பிழை தேட உதவும் விரிவான பதிவு), சின்ன டி என்றால் டீபக்2. இந்த ஜோடியைக் கையால் பத்து முறை எழுதுங்கள். எழுதிப் பழகாமல் எனக்கு எதுவும் தங்காது. பார்த்தாலே பதியும் என்றால் விட்டுவிடலாம்.

டீபக் அளவுக்கு மாற்ற கோப்பைத் திருத்த வேண்டியதில்லை. கப்ஸ்சிடிஎல் கட்டளைக்கு "டீபக்-லாகிங்" விருப்பம் கொடுத்தால் போதும். முடிந்ததும் "நோ-டீபக்-லாகிங்" கொடுக்க மறக்காதீர்கள். டீபக்கில் விட்டுவிட்டால் கோப்பு வேகமாகப் பெருத்து, சுழற்சியில் பழைய தடயத்தையே தின்றுவிடும்.

லாக்டீபக்ஹிஸ்டரி என்ற அமைப்பைப் பலரும் கண்டுகொள்வதில்லை. இயல்பு 200. லாக்லெவல் என்னவாக இருந்தாலும், ஒரு வேலை பிழையில் முடிந்தால் அதன் கடைசி 200 டீபக் செய்திகளை கப்ஸ் எர்ரர் லாக்கில் கொட்டும். வார்ன் அளவில் இருக்கும் சர்வரில் திடீரென்று பெரிய டி வரிகள் கொத்தாகத் தெரிந்தால் யாரோ அமைப்பை மாற்றிவிட்டார்கள் என்று தேடாதீர்கள். ஒரு வேலை விழுந்திருக்கிறது.

ஒரு வேலையின் வரிகளைப் பிரித்தெடுக்க, வரிகளைத் தேடும் க்ரெப் கட்டளை போதும். ஆனால் "[ஜாப் 27]" என்று சதுர அடைப்போடு நேரே கொடுத்தால் க்ரெப் அதை எழுத்துகளின் தொகுப்பாக எடுத்துக்கொண்டு ஏறக்குறைய எல்லா வரிகளையும் கொட்டும். பெரிய எஃப் விருப்பத்தோடு கொடுங்கள், எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும்.

கிடைத்த வரிகளைப் படிக்கும் வரிசை: முதலில் எந்தப் பிரிண்டரில், யார் பெயரில் வேலை சேர்ந்தது. அடுத்து எந்தெந்த ஃபில்டர் (ஆவணத்தைப் பிரிண்டருக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் நிரல்) எந்தப் பிஐடியோடு (நிரலின் அடையாள எண்) தொடங்கியது. அதன்பின் பேக்எண்ட், அதாவது பிரிண்டருக்கு அனுப்பிவைக்கும் நிரல். கடைசியாக ஒவ்வொரு பிஐடியும் எப்படி முடிந்தது. ஃபில்டர்கள் குழாய் போல ஒன்றோடொன்று கோத்தவை, ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பதும் சாகும். எனவே பல பிழைகள் தெரிந்தால் நேரத்தால் முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். மீதி பெரும்பாலும் அதன் விளைவு.

- சிக்னல் 11: அந்த ஃபில்டரே நினைவகத் தவறால் விழுந்தது. வேறு ஆவணம் அனுப்பி, ஆவணத்தில் கோளாறா ஃபில்டரிலா என்று பிரியுங்கள்.
- சிக்னல் 13: எழுதிக்கொண்டிருந்த குழாயின் மறுமுனை மூடிக்கொண்டது. குற்றவாளி இதற்கு அடுத்த கட்டம்.
- சிக்னல் 9: வெளியிலிருந்து கொன்றார்கள். நினைவகம் தீர்ந்து கெர்னல் கொன்றதா என்று சிஸ்டம் லாக்கில் பாருங்கள்.

பேக்எண்ட் முடிவு எண்கள்: 0 சரி, 1 தோல்வி, 2 கடவுச்சொல் தேவை, 3 இந்த வேலையை நிறுத்திவை, 4 வரிசையையே நிறுத்து, 5 வேலையை ரத்து செய், 6 பிறகு முயற்சி செய், 7 இதையே உடனே மறுபடி முயற்சி செய். 1 வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை எர்ரர்பாலிசி என்ற அமைப்பு முடிவு செய்யும். ஸ்டாப்-பிரிண்டர் என்றிருந்தால் ஒருவரின் கெட்ட வேலை எல்லோருடைய வரிசையையும் நிறுத்தும். "பிரிண்டர் தானாக நின்றுவிடுகிறது" என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கே கிடைக்கும்.

பேஜ் லாக்

முதல் குழப்பம்: கோப்பு காலியாகவே இருக்கும். கோளாறு இல்லை. பேஜ்லாக்ஃபார்மட் இயல்பில் வெறுமை, வெறுமை என்றால் பதிவு செய்யாதே என்று பொருள். வடிவத்தைக் கொடுத்தால்தான் எழுதத் தொடங்கும். வழக்கமான வடிவத்தில் வரிசை: பிரிண்டர், பயனர், வேலை எண், நேரம், பக்க எண் அல்லது டோட்டல், எண்ணிக்கை, பில்லிங் குறிப்பு, அனுப்பிய கணினி, வேலையின் பெயர், தாள் அளவு, ஒருபக்கமா இருபக்கமா.

வரிகளைப் புலங்களாகப் பிரிக்கும் ஆக் கட்டளை கொண்டு பிரிக்கும்போது வேலையின் பெயரில் இடைவெளி இருந்தால் எண்ணிக்கை கெட்டுவிடும். நேரமே இரண்டு புலம் எடுக்கும் என்பதால் கணினி 9-ஆவது. அதுவரை இடப்பக்கமிருந்து எண்ணுங்கள். தாள் அளவையும் பக்க வகையையும் வலக்கோடியிலிருந்து எண்ணுங்கள். நடுவில் மிஞ்சுவது வேலையின் பெயர்.

இரண்டாவது விஷயத்தை அச்சுச் செலவுக் கணக்கு பார்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்க எண்ணிக்கை பெரும்பாலும் பிரிண்டரின் மீட்டரிலிருந்து வருவதில்லை. ஃபில்டரோ பேக்எண்டோ "பேஜ்:" என்று தொடங்கும் வரியைப் பிழை வெளியீட்டில் எழுதும், கப்ஸ் அதைப் பேஜ் லாக்குக்கு மாற்றும். நடுவில் தாள் சிக்கினால் கணக்கும் கையிலிருக்கும் தாளும் ஒத்துப்போகாது. ஃபில்டரே ஓடாத ரா வரிசையில் பக்கக் கணக்கை நம்பவே முடியாது.

எந்த அமைப்பு எந்தக் கோப்பில்

லாக்லெவல், அக்சஸ்லாக்லெவல், பேஜ்லாக்ஃபார்மட், மேக்ஸ்லாக்சைஸ், லாக்டீபக்ஹிஸ்டரி எல்லாம் கப்ஸ்டி.கான்ஃப். அக்சஸ்லாக், எர்ரர்லாக், பேஜ்லாக் என்ற இடம் குறிக்கும் வரிகளும் லாக்ஃபைல்பெர்ம் வரியும் கப்ஸ்-ஃபைல்ஸ்.கான்ஃப். இரண்டாவது கோப்பை கப்ஸ்சிடிஎல் தொடாது, கையால்தான் திருத்த வேண்டும். திருத்தியபின் "கப்ஸ்டி" கட்டளையை சின்ன டி (டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து, டீபக்கின் எழுத்து அல்ல) விருப்பத்தோடு ஓட்டினால் பிழை இருக்கிறதா என்று சொல்லும். அதன்பிறகே மறுதொடக்கம்.

மேக்ஸ்லாக்சைஸ் இயல்பு 1048576 பைட். அதைத் தாண்டினால் பழைய கோப்பின் பெயரோடு புள்ளியும் பெரிய ஓ எழுத்தும் ஒட்டும். பூஜ்யம் அல்ல, ஓ எழுத்து. மதிப்பு 0 என்றால் கப்ஸ் சுழற்றாது. டெபியன் லினக்ஸ் 0 வைத்துவிட்டு, லாக் கோப்புகளைச் சுழற்றும் நிரலான லாக்ரொட்டேட்டிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது.

ரெட்ஹேட் வகை லினக்ஸ் கணினிகளில் லாக் இடத்தில் சிஸ்லாக் (கணினியின் பொதுப் பதிவு) என்று குறித்திருப்பார்கள். அங்கே கோப்பைத் தேடிப் பயனில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு யு விருப்பத்தோடு கப்ஸ் என்று கொடுங்கள். ஒரே லினக்ஸ் விநியோகத்தில் மட்டும் பயிற்சி செய்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள், மெய்நிகர் கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்டர் இல்லாமலே பயிற்சி

பிரிண்டர்களை அமைக்கும் எல்பிஅட்மின் கட்டளை கொண்டு இரண்டு அச்சு வரிசைகள் உருவாக்குங்கள். ஒன்றின் முகவரி ஃபைல்:/டெவ்/நல். இன்னொன்று சாக்கெட் வகை, முகவரி 192.0.2.1. இந்த முகவரி ஆவணங்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்த ஒதுக்கப்பட்டது, எதிர்முனையில் பிரிண்டர் இருக்காது. டீபக்கை இயக்கிவிட்டு:

1. முதல் வரிசைக்கு ஒரு கோப்பு அனுப்பி, ஒழுங்காக முடிந்த வேலையின் வரிகளை முழுதாகப் படியுங்கள். நல்லது எப்படித் தெரியும் என்று பழகாமல் கெட்டதைக் கண்டுபிடிக்க முடியாது.
2. இரண்டாவதுக்கு அனுப்புங்கள். அக்சஸ் லாக்கில் 200, சக்ஸஸ்ஃபுல்-ஓகே. எர்ரர் லாக்கில் இணைய முயலும் வரிகள் திரும்பத் திரும்ப. சாக்கெட் பேக்எண்டின் இயல்பான காத்திருப்பு 7 நாள் என்பதால் வேலை "தோல்வி" என்று சொல்லாமலே கிடக்கும். முகவரியின் பின்னால் கான்டைம்அவுட்=30 சேர்த்து மறுபடி அனுப்பினால் முடிவு எண் வரும்.
3. முதல் வரிசையில் கப்ஸ்டிசேபிள், அனுப்புங்கள். வேலை ஏற்கப்படும், காத்திருக்கும். கப்ஸ்எனேபிள் கொடுத்துவிட்டு கப்ஸ்ரிஜெக்ட், மறுபடி அனுப்புங்கள். வேலை வாசலிலேயே திரும்பும். இரண்டுக்கும் 12-ஆவது புலத்தை ஒப்பிடுங்கள்.

எல்பிகியூ, எல்பிஆர்எம், எல்பிஆர் கட்டளைகளின் விருப்பங்களுக்கு ஒரு மணி நேரம் போதும். மீதி நேரத்தை மேலே உள்ள மூன்றுக்கும் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நிலைமை காட்டும் எல்பிஸ்டாட் கட்டளை சொல்வதையும் மூன்று லாக்குகள் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.