என் பெயரில் வேறொருவரின் வில்லங்கம்: கலிஃபோர்னியாவில் ஒரு சிவில் வழக்கின் ஆவணங்களைத் தேடிப் பெற்ற அனுபவம்

சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்த எங்கள் வீட்டை 2024 அக்டோபரில் விற்க முடிவு செய்தோம். விலை பேசி முடிந்து எஸ்க்ரோ (பணமும் பத்திரமும் கைமாறும்வரை நடுநிலையான ஒருவர் பொறுப்பில் இருக்கும் இடைக்காலம்) தொடங்கிய ஐந்தாம் நாள், சொத்தின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனம் முதல்நிலை அறிக்கையை அனுப்பியது. அதில் எங்கள் வீட்டுக் கடனுக்கு அடுத்த வரியில், நான் அதுவரை கேள்விப்பட்டிராத ஒரு செய்தி இருந்தது. என் பெயர் கொண்ட ஒருவர் மீது தென் கலிஃபோர்னியாவின் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) 2017-இல் பணத் தீர்ப்பு ஆகியிருக்கிறது. அத்தீர்ப்பின் சுருக்கம் 2022-இல் எங்கள் கவுண்டியிலும் பதிவாகியிருக்கிறது. அது தீராமல் வீட்டைக் கைமாற்ற இயலாது. நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழில் அறியாத பெயர் ஒன்று வந்து நின்றால் எப்படி வயிற்றைக் கலக்குமோ, அப்படியே இருந்தது.

என்னுடைய பெயர் தமிழ்நாட்டில் எந்த வகுப்பறையிலும் இரண்டு மூன்று பேருக்கு இருக்கக்கூடியது. குடும்பப் பெயர் என்று நமக்கு எதுவும் இல்லாததால், அமெரிக்க ஆவணங்களில் அப்பாவின் பெயர் கடைசிப் பெயராகி நிற்கிறது. என் அப்பாவின் பெயரும் அதே அளவுக்குப் பரவலானது. இரண்டும் சேர்ந்தால் தனித்துவம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பெயரும் அப்பா பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் மனிதர்கள் கலிஃபோர்னியாவிலேயே பலர் இருக்கிறார்கள் என்பதைப் பிறகு நீதிமன்ற அட்டவணையில் கண்டேன்.

டைட்டில் நிறுவனம் ஓர் அடையாள விவரப் படிவத்தை நிரப்பச் சொன்னது. பத்தாண்டு முகவரிகள், வேலை, திருமணம் எல்லாம் எழுதிக் கொடுத்தும் அவர்களுக்கு நிறைவில்லை. தீர்ப்புச் சுருக்கத்தில் கடனாளியின் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும், ஓட்டுநர் உரிம எண்ணின் கடைசி நான்கையும் எழுத இடம் உண்டு. என் துரதிர்ஷ்டம், இரண்டிலும் ‘தெரியாது’ என்று குறித்திருந்தார்கள். ஆகவே அந்த மனிதர் நானல்ல என்பதற்கு வழக்கின் மூல ஆவணங்களே சான்றாக வேண்டும் என்றானது.

முதலில் நான் போனது கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்துக்கு. அங்கே சுருக்கத்தின் நகல் உடனே கிடைத்தது. ஆனால் வழக்குக் கட்டு அங்கே இல்லை, இருக்கவும் முடியாது. பலரும் இந்த இடத்தில் குழம்புகிறார்கள். ரெக்கார்டர் என்பவர் நம் சார்பதிவாளரைப் போல, கொண்டுவந்த தாளைப் பதிந்து வைப்பவர். வழக்கின் கட்டு தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்தின் எழுத்தர் பொறுப்பில் இருக்கும். கலிஃபோர்னியாவின் 58 கவுண்டிகளுக்கும் கவுண்டிக்கொரு சுப்பீரியர் கோர்ட் உண்டு. பெயரில் கவுண்டி இருந்தாலும் அது மாநில நீதித்துறையைச் சேர்ந்தது. கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகளுக்கான பேசர் என்ற இணையத் தளத்தில் இரவெல்லாம் தேடிய நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். கவுண்டி வழக்குகள் அதில் வராது. பின்னணித் தகவல் விற்கும் தனியார் தளங்களுக்குப் பணம் கட்டுவதிலும் பயனில்லை. அவர்கள் தரும் தாளில் நீதிமன்ற முத்திரை இருக்காது, முத்திரையில்லாத தாளை டைட்டில் நிறுவனம் ஏற்காது.

சுருக்கத்தின் நகலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய செல்வம் வழக்கு எண். அது கையில் இருந்ததால் அந்தக் கவுண்டி நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தில் நடவடிக்கைப் பதிவேட்டை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டேன்: பிராது தாக்கல், சம்மன் சேர்ப்பித்த சான்று, பிரதிவாதி வராததால் ஒருதலைத் தீர்ப்பு கேட்கும் மனு, தீர்ப்பு, சுருக்கம் வழங்கல். எண் இல்லாமல் பெயரைக் கொண்டு தேட நேர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் இடம் மாற்றித் தேடுங்கள், ஆங்கிலத்தில் ‘T’, ‘TH’, ‘DH’ குழப்பங்களுக்கு ஒவ்வொரு எழுத்துக்கூட்டலாகத் தேடுங்கள், ‘குமார்’ ஒட்டியும் பிரித்தும் தேடுங்கள், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து விசாவில் ‘எஃப்என்யு’ (FNU, ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம்) என்று முதற்பெயர் விழுந்தவர்கள் அதையும் விடாதீர்கள். சில கவுண்டிகளில் பெயர்த் தேடலுக்குக் கட்டணம் உண்டு.

பதிவேடு தெரிந்ததும் நகல் கேட்டுத் தபாலில் எழுதினேன். மூத்த நண்பர் ஒருவர், “தம்பி, தொகை எழுதாம செக் அனுப்பு. ‘இத்தனை டாலருக்கு மேற்படாமல்’னு மட்டும் அதுல எழுது, பக்கம் எண்ணிட்டு அவங்களே நிரப்பிக்குவாங்க” என்றார். அதன்படியே செய்தேன், தபால்தலை ஒட்டி என் முகவரி எழுதிய உறையும் வைத்தேன். இருந்தும் பன்னிரண்டு நாளில் எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. ‘வழக்கின் அனைத்து ஆவணங்களும்’ என்று நான் எழுதியதுதான் பிழை. எந்த ஆவணம், எந்தத் தேதியில் தாக்கலானது, சாதா நகலா, சான்றிட்ட நகலா என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்று ஒரு சீட்டு உள்ளே இருந்தது. பதிவேட்டைப் பார்த்துத்தான் கேட்டேன். ஆனால் அதிலிருந்த தலைப்பையும் தேதியையும் எழுதிக் கொடுக்கவில்லை. எஸ்க்ரோ முடியப் பதின்மூன்று நாட்களே இருந்தன. இன்னொரு தபாலை நம்பத் துணியாமல், அதிகாலை நான்கு மணிக்குக் காரெடுத்துத் தெற்கே புறப்பட்டேன்.

நீதிமன்றத்தின் ஆவணப் பிரிவில் பொதுமக்களுக்கென்று நான்கு கணினிகள் இருந்தன. நான் யார், எதற்குப் பார்க்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கலிஃபோர்னிய நீதிமன்ற விதிகளின்படி, இரகசியம் என்று சட்டமோ நீதிமன்ற ஆணையோ சொல்லாதவரை ஆவணம் எல்லோருக்கும் திறந்தது என்றே கொள்ளப்படுகிறது. குடும்ப வழக்குகள் போன்றவற்றின் ஆவணங்களைத்தான் வீட்டிலிருந்து பார்க்க முடியாது, நேரில் வர வேண்டும். வழக்கு எண்ணை உள்ளிட்டதும் முப்பத்தொரு பக்கங்கள் திரையில் விரிந்தன.

கடன் அட்டைப் பாக்கி. வட்டி சேர்த்து ஏழாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவு. பிராதுடன் இணைத்திருந்த கணக்கு அறிக்கையில், நான் வாழ்நாளில் காலடி வைத்திராத ஓர் ஊரின் அடுக்குமாடி முகவரி இருந்தது. அதன் பின் வந்த சம்மன் சேர்ப்பித்த சான்றைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மன் கொண்டுபோனவர் மூன்று முறை சென்றிருக்கிறார்: ஒரு காலை, ஒரு பிற்பகல், ஒரு மாலை. முதல் இரண்டுக்கும் எதிரே ‘பதில் இல்லை’. மூன்றாம் முறை, மாலை 7.40-க்கு, ‘உடன் குடியிருப்பவர், ஆண், வயது சுமார் 25, கறுப்பு முடி, பெயர் சொல்லவில்லை’ என்று ஒருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, இன்னொரு பிரதியைத் தபாலில் சேர்த்திருக்கிறார். சட்டப்படி அது போதும். ஆனால் என் பெயருடைய அந்த மனிதர் அதைக் கையில் வாங்கினாரா, அதற்குள் ஊர் திரும்பிவிட்டாரா, தன் மீது ஒரு தீர்ப்பு இருப்பதாவது அவருக்குத் தெரியுமா என்ற கேள்விகளுக்கு அந்த முப்பத்தொரு பக்கத்தில் விடை இல்லை. என் மீது விழுந்த வில்லங்கத்தை நீக்க வந்த நான், அவருக்காக வருந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன்.

தேவையானவை எவை என்று திரையிலேயே தெளிவானதால் பணம் வீணாகவில்லை. தீர்ப்பு இரண்டு பக்கம், சம்மன் சான்று அதன் இணைப்புடன் மூன்று பக்கம். இவ்விரண்டுக்கும் சான்றிட்ட நகல். பிராதும் கணக்கு அறிக்கையும் பதினொரு பக்கம். அதற்குச் சாதா நகல். பக்கத்துக்கு 50 காசு வீதம் 8 டாலர், சான்றுக்கு ஆவணத்துக்கு 40 டாலர் வீதம் 80, ஆக 88 டாலர். எண் இல்லாமல் போயிருந்தால், பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட தேடலுக்கு 15 டாலர் தனி. சான்றிட்ட நகலின் கடைசிப் பக்கத்தை விரலால் தடவினால் அழுத்திப் பொறித்த முத்திரையின் மேடு தட்டுப்படும். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் படியிறங்கினேன்.

காலம் கடந்து போனால் இதுவும் கிடைக்காமல் போகக்கூடும். பெரிய தொகைக்கான வழக்குகளின் தீர்ப்பை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இது போன்ற சிறு தொகை வழக்குகளின் கட்டையும் தீர்ப்பையும், தீர்ப்பு புதுப்பிக்கப்படாவிட்டால், பத்தாண்டுக்குப் பின் அழித்துவிட அனுமதி உண்டு.

வீடு திரும்பிய அன்றே, 2015 முதல் 2017 வரை நாங்கள் இருந்த முகவரிக்கான சொத்து வரி ரசீதுகளையும் வருமான வரிப் படிவத்தின் முதல் பக்கங்களையும் சேர்த்து, கடன் வசூலித்த நிறுவனத்தின் வழக்கறிஞருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கை அனுப்பினேன். கலிஃபோர்னிய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 697.410-ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது: பெயர் ஒற்றுமையால் தவறாக வில்லங்கம் விழுந்த சொத்துக்காரர் ஆதாரத்துடன் கேட்டால், பதினைந்து நாட்களுக்குள் விடுவிப்பு ஆவணம் தர வேண்டும்; காரணமின்றித் தராவிட்டால் அதனால் நேர்ந்த நட்டத்துக்கும் பொறுப்பு, அதற்கு மேல் 100 டாலரும் கட்ட வேண்டும். இதற்கு முன் நான் மூன்று முறை தொலைபேசியில் பேசியபோது செவிசாய்க்காதவர்கள், பிரிவு எண்ணும் முத்திரையிட்ட நகலும் போன பதினொன்றாம் நாள் நோட்டரி கையொப்பத்துடன் விடுவிப்பை அனுப்பினார்கள். வீடு வாங்கியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

விடுவிப்பை ரெக்கார்டரிடம் பதிந்தாயிற்று. அங்கே அட்டவணையில் என் பெயரைத் தேடினால் இப்போது அந்தச் சுருக்கமும் விடுவிப்பும் இரண்டும் வரும், பழையது அழியாது. தீர்ப்பின் பத்தாண்டு முடியும் 2027 வரையாவது அதே சுருக்கத்தை வேறு எந்தக் கவுண்டியிலும் அந்தக் கடன் நிறுவனம் பதியலாம் என்பதால், சான்றிட்ட நகல்களைப் புது வீட்டின் பத்திரத்தோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.