எடுத்துப் போகாத ரிப்போர்ட்டுகள்

நான் ஒரு கிளினிக்கின் பதிவு மேசையில் இருந்தபோதுதான் அரசு மருத்துவக் காப்பீட்டை இன்னும் நிறையப் பேருக்கு விரிவுபடுத்தினார்கள். அட்டை கைக்கு வந்ததும் எல்லோரும் சர்க்கரை, பிரஷர் பார்க்க வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். கூட்டம் வந்தது, ஆனால் முட்டிவலி, பல்வலி, மாசக்கணக்கில் தள்ளிப்போட்ட ஏதோ ஒரு வலிக்காக. ஒரு பெரியம்மாவிடம், வந்ததோடு மேமோகிராமும் (மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே) எடுத்துக்கொள்ளுங்கள், காசு கட்ட வேண்டாம் என்றேன். "ஒண்ணும் இல்லாத உடம்பை எதுக்கும்மா நோண்டணும்?" என்று கேட்டார். அது வெறும் அறியாமை இல்லை, ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அரைநாள் கூலி போவதையும் எந்த அட்டையும் ஈடுகட்டுவதில்லை.

ஆனாலும் பரிசோதனைகள் கூடின. முட்டிவலிக்கு வந்தவருக்கு டாக்டர் பிரஷர் பார்ப்பார், கூடவே ரத்தமும் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதுவார், அவ்வளவுதான். வருமுன் காப்பது என்று நாம் சொல்வதில் பாதி இப்படி வேறொரு வலியின் முதுகில் ஏறித்தான் வருகிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008-ல் இடம் குறைவாக இருந்ததால் அரசுக் காப்பீட்டுக்குக் குலுக்கல் போட்டார்கள். அதனால் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. முதல் வருடத்தில் காப்பீடு பெற்றவர்களிடம் மேமோகிராம் சுமார் 60%, கொலஸ்ட்ரால் சோதனை சுமார் 20% கூடியிருந்தது. ஆனால் இரண்டு வருடம் கழித்து அளந்தபோது, சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படுவதும் அதற்கு மருந்து எடுப்பதும் கூடியிருந்தும், பிரஷரிலோ கொலஸ்ட்ராலிலோ தெளிவான மாற்றம் தெரியவில்லை. உடனே காப்பீடே வீண் என்று சிலர் பேசியது அவசரம். மனச்சோர்வும் மருத்துவச் செலவின் நெருக்கடியும் குறைந்ததை அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அலமாரிதான் ஞாபகம் வந்தது. மாதாமாதம் எத்தனை சோதனை நடந்தது என்று பட்டியல் போட்டு மேலே அனுப்புவது என் வேலை, எண்ணிக்கை ஏற ஏறப் பெருமையாக இருக்கும். ஒருநாள் வேறு எதையோ தேடி அலமாரியைத் திறந்தால், யாரும் வாங்கிப் போகாத ரிப்போர்ட்டுகள் ஒரு கட்டு. அதில் சர்க்கரை எகிறிப்போனவர்களும் இருந்தார்கள். என் பட்டியலில் அவர்கள் எல்லோருமே 'சோதனை முடிந்தவர்கள்'. அதைச் சரி பார்க்காதது என் தப்புதான், வேறு யாரைச் சொல்ல?

அப்புறம் தினமும் மதியம் ஒரு மணி நேரம் போன் போட ஆரம்பித்தோம். பாதி நம்பர் மாறியிருந்தது. கிடைத்தவர்களில் பலர் கேட்ட முதல் கேள்வி, "ரிப்போர்ட் வாங்க வந்தா அதுக்கும் கார்டு செல்லுமா?"