உறைபனிக் காலையில் ஒரு நேரலை

நேரலை நிகழ்ச்சி செய்யலாம் என்று எங்கள் கல்லூரி வானொலிக்கு ஜூனியர்கள் யாராவது வந்து நின்றால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கேட்கிறவர் ஒருவர் போன் பண்ணினால் உங்கள் நிகழ்ச்சி மாறுமா? மாறாது என்றால் தாராளமாகப் பதிவு செய்தே போடலாம். திக்கினால் வெட்டலாம், இருமினால் எடுத்துவிடலாம், விடியற்காலைக் குளிரில் யாரும் எழுந்து வர வேண்டியதும் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிச் சிரித்துவிட்டு அதற்கு நேரலை என்று பேர் வைப்பதில் எனக்கு உடன்பாடே கிடையாது. வெளியே இருக்கிற ஒருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் இந்த நிமிஷம் வந்தால்தான் நிகழ்ச்சி நகரும் என்று இருக்க வேண்டும். அப்படிப்பட்ட விஷயம் ஊட்டியில் ஒன்று இருக்கிறது. பனி.

நவம்பர் பிற்பாதியில் ஆரம்பித்து பிப்ரவரி வரை இங்கே உறைபனிக் காலம். மேகம் இல்லாத, காற்றும் அடிக்காத ராத்திரியில் தரை சூட்டை இழந்துவிடும், கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்போது அதற்கு மேலே சரிவில் இருக்கிற தோட்டத்தில் வெறும் ஈரம் மட்டும் இருக்கும். வானிலை அறிக்கை ஊட்டிக்கு என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். கேரட் போட்டவருக்கும் உருளை போட்டவருக்கும் தேயிலை வைத்திருப்பவருக்கும் வேண்டியது தன் பள்ளத்தின் கணக்கு. அது டார்ச் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் "உங்க பக்கம் பனி எப்படி?" என்று தினமும் நடக்கிற அந்தப் பேச்சையே ஏன் ஒலிபரப்பக் கூடாது என்று யோசித்ததில் பிறந்ததுதான் எங்கள் காலை நிகழ்ச்சி.

ஆறு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடிப்போம். எட்டு மணிக்கு வைத்தால் எங்களுக்கு வசதி, கேட்பவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜனவரியில் சூரியன் எழ ஆறே முக்கால் ஆகிவிடும். வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட்டால் இலை கருகாமல் தப்பும் என்பது இங்கே காய்கறி போடுகிறவர்கள் காலங்காலமாகச் செய்து வருவது. பக்கத்து ஊரில் வெள்ளை விழுந்திருக்கிறது என்று ஆறே காலுக்கு ரேடியோவில் கேட்ட ஒருவர், போர்வையை உதறிவிட்டு மோட்டார் போட்டுவிட வேண்டும். நிகழ்ச்சியின் நேரத்தை அந்த மோட்டார்தான் முடிவு செய்கிறது.

ஆறு மணி நிகழ்ச்சி என்றால் ஐந்தே காலுக்கு ஸ்டூடியோவில் ஆள் இருக்க வேண்டும். விடுதிப் பிள்ளைகளால் மட்டும்தான் அது முடியும், அதற்கும் வார்டனிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற யாரையும் அந்த இருட்டில் நடந்து வரச் சொல்வதில்லை. காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரம் அது, இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு சிக்கல் இருந்தது, பனியைப் பற்றி நிகழ்ச்சி செய்ததால்தான் அது எங்கள் கண்ணில் பட்டது. எங்களைப் போன்ற சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட கதிர்வீச்சுத் திறன் 100 வாட், ஆன்டெனா 30 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. சமவெளியில் இதை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்ச் சேரலாம். மலையில் கதை வேறு. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், நடுவில் ஒரு மேடு நின்றால் அதற்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் ரேடியோ இரையும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. பனி தேங்குவதும் அதே பள்ளத்தில்தான். ஆக யாருக்கு நிகழ்ச்சி ரொம்ப அவசியமோ அவர்களுக்கே எங்கள் குரல் போய்ச் சேராது. இதைச் சும்மா விட்டால் மேட்டில் இருப்பவர்கள் மட்டும் போன் பண்ணி "எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்ல, இன்று பனியே இல்லை என்கிற மாதிரி ஒரு நிகழ்ச்சி போய்விடும்! அதனால் அந்த ஊர்களிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளாகத் தேடிப் பிடித்தோம். அவர்கள் வீட்டு வாசலிலிருந்தே பேசுவார்கள்: புல்லில் வெள்ளை இருக்கிறதா, தொட்டித் தண்ணீர் உறைந்திருக்கிறதா, பைக் சீட்டில் என்ன நிலை. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லா ஊர் நிலவரத்தையும் ஒரு நிமிடக் குரல் பதிவாக்கித் தங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். ரேடியோ ஏறாத இடத்துக்கு அது ஏறிவிடும்.

இனி போன். நேரலையின் பாதி உயிர் போன் மேசையில்தான் இருக்கிறது, மைக் முன்னால் உட்காரத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள் என்றாலும் என் கணக்கில் குழுவிலேயே பொறுமையான ஆளை அங்கேதான் உட்கார வைக்க வேண்டும். வருகிற அழைப்பை நாங்கள் நேராக ஒலிபரப்பில் சேர்ப்பதில்லை. பெயர், ஊர், என்ன பயிர், என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, வைத்துவிட்டுத் திரும்ப நாங்களே கூப்பிடுவோம். கண்டபடி பேச வந்தவர் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார். பேச்சைச் சில விநாடி பிடித்து வைத்து அனுப்பும் கருவியெல்லாம் எங்களிடம் இல்லை, எனவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் ஒரு விரல் எப்போதும் இருக்கும். அரசியலும் எங்கள் சொந்தச் செய்தியும் கூடாது, ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம், அவ்வளவுதான் விதி. பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவர் மூன்றாவது வாக்கியத்தில் யாரையாவது பேர் சொல்லித் திட்டிவிடுவார், அவர் கோபத்தில் நியாயம் இருந்தாலும் அங்கே மெதுவாக அவரைப் பனிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

திரும்பக் கூப்பிடும்போது நடக்கிற உரையாடல் இப்படி இருக்கும்.

"ஐயா, வணக்கம், ரேடியோவிலிருந்து பேசறேங்க. பக்கத்துல ரேடியோ ஓடுதுங்களா?"

"ஓடுது கண்ணு, அதைத்தான் கேட்டுட்டிருக்கேன்."

"கொஞ்சம் நிறுத்திடுங்க ஐயா, இல்லைன்னா கீச்சுனு சத்தம் வரும்."

"நிறுத்திட்டா நான் பேசறதை நான் எப்படிக் கேட்கறது?"

நியாயமான கேள்வி. முதல் தடவையாக ரேடியோவில் வரப்போகிற ஒருவருக்குத் தன் குரலைக் கேட்க ஆசை இருக்காதா? "உள் ரூம்ல அம்மாவைக் கேட்கச் சொல்லுங்க ஐயா, உங்களுக்கு நாங்க ரெக்கார்டிங் அனுப்பறோம்" என்போம், அனுப்பியும் விடுவோம். இதோடு, எல்லா ஒலியையும் ஒன்றாகச் சேர்க்கும் மிக்சரில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. போன் லைனுக்கு நாம் திருப்பி அனுப்பும் ஒலியில் எல்லோர் குரலும் இருக்கலாம், பேசுகிறவரின் சொந்தக் குரல் மட்டும் கழிந்திருக்க வேண்டும். மிக்ஸ் மைனஸ் என்பது இதுதான். இதைச் சரியாக வைக்கவில்லை என்றால் அவர் பேசியது ஒரு நொடி கழித்து அவர் காதிலேயே விழும், மனிதர் தடுமாறி வைத்துவிடுவார்.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 6:30க்கு முடிய வேண்டும், நிறைவு இசை முப்பது விநாடி, ஆக 6:29:30க்கு அது ஆரம்பிக்க வேண்டும். ஊர்களின் நிலவரத்தை மொத்தமாக ஒருமுறை சொல்ல ஒன்றரை நிமிடம், அப்படியானால் 6:28க்கு அறிவிப்பாளர் தொகுக்கத் தொடங்கியாக வேண்டும். 6:25க்கு மேல் புது அழைப்பு எடுக்கக் கூடாது. இந்த மூன்று நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடுவோம். நடுப்பகுதியில் எது எப்படிப் போனாலும் கடைசி ஐந்து நிமிடம் கையில் இருக்கும். போனே வராத காலைக்கும் ஏற்பாடு வேண்டும், அதற்காக இரண்டு நிமிடத் துண்டுகள் சில எப்போதும் தயாராக இருக்கும்: பழைய பனிக்காலத்தைப் பற்றிப் பாட்டி ஒருவர் படுகர்களின் படுகு மொழியில் சொன்னது, கோத்தர் பழங்குடியினர் ஊதும் கொள் என்ற குழலின் இசையை அவர்கள் அனுமதியோடு பதிவு செய்தது. சினிமாப் பாட்டு போட உரிமம், கட்டணம் என்று தனிக் கதை இருக்கிறது. அதைவிட இதுதான் நம் ஊர்ச் சத்தம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும், முடிந்தவரை உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்பது சமுதாய வானொலிக் கொள்கையிலேயே இருக்கிறது. கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பின் ரேடியோ கோத்தகிரி பழங்குடி மக்களின் மொழிகளில் நிகழ்ச்சி செய்வதைக் கேட்டால் இது வெறும் காகித விதி இல்லை என்பது புரியும். நாங்கள் ஒரு படுகு பேசும் அறிவிப்பாளரையும் ஒரு தமிழ் அறிவிப்பாளரையும் ஜோடியாக உட்கார வைக்கிறோம். படுகில் பேசியவர் சொன்னதை மற்றவர் இரண்டு வரியில் தமிழில் சொல்வார், அதுவே எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் கேட்பவருக்குப் போதும்.

அறிவிப்பாளர் யாரும் விவசாய ஆலோசனை சொல்லக் கூடாது, இதில் நான் கறார். கருகின கொழுந்தை இப்போதே கவாத்து பண்ணலாமா, அதாவது வெட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டால், தெரிந்தமாதிரி பதில் சொல்ல ஒரு நொடி போதும், அவருக்குப் போவது ஒரு வருஷ வருமானம். கேள்வியை எழுதிக்கொண்டு அன்றைக்கே தோட்டக்கலைத் துறையில் கேட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் பெயரைச் சொல்லி அதிலிருந்தே தொடங்குவோம். அவர் காத்திருந்து கேட்பார், அவர் ஊரே கேட்கும்.

ஸ்டூடியோ பற்றிக் கேட்பவர்களுக்கு: முட்டை அட்டை ஒட்டாதீர்கள், சத்தம் பெரிதாக அடங்காது, நம் ஊர் ஈரத்தில் பூஞ்சைதான் பிடிக்கும். கனமான கம்பளியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொங்கவிடுங்கள், வெயில் அடிக்கிற நாளில் எடுத்துக் காயப் போடலாம். தகரக் கூரை அறை என்றால் டைனமிக் மைக் வாங்குங்கள், வாய்க்குக் கிட்டே வைத்துப் பேசினால் மழைச் சத்தம் அவ்வளவாக ஏறாது. யுபிஎஸ்ஸில் மிக்சரையும் கம்ப்யூட்டரையும் மாட்டிவிட்டு டிரான்ஸ்மிட்டரை மறந்துவிடும் இடங்கள் உண்டு. கரண்ட் போனால் உள்ளே எல்லாம் எரிந்துகொண்டிருக்கும், வெளியே ஒரு சொல்லும் போகாது.

ஒலிபரப்பானதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் பனி நிகழ்ச்சியை அதற்கப்புறமும் அழிப்பதில்லை. எந்தத் தேதியில் எந்த ஊரில் வெள்ளை விழுந்தது என்று அழைத்தவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் ஏற்றி வருகிறோம். வருகிற சீசனுக்கு நஞ்சநாடு, முத்தோரை பக்கத்திலிருந்து காலை ஐந்தரைக்கு எழக்கூடிய பிள்ளைகள் வேண்டும். முதலாமாண்டாக இருந்தாலும் பரவாயில்லை, படுகு தெரிந்தால் இன்னும் நல்லது. அக்டோபரில் போன் மேசைக்குப் பயிற்சி ஆரம்பிக்கிறோம், மைக் பயிற்சி அதற்குப் பிறகுதான்.