வண்டி வருமுன்னர்

தொண்ணூறுகளில் இலங்கையின் வடக்கே வன்னியில் படித்தவர்களுக்கு நோயாளர் காவு வண்டி (அம்புலன்ஸ்) என்பது பெரும்பாலும் பெயரளவில் அறிந்த ஒன்றே. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மருந்தும் அருகியிருந்த அக்காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாயை விரித்து, பிரசவ வலி கண்டவரையும் பாம்பு கடித்தவரையும் மல்லாவிக்கோ புதுக்குடியிருப்புக்கோ கொண்டு சென்றோம்.

இடம்பெயர்ந்து மரநிழலில் இயங்கிய எமது பாடசாலையில் சுகாதாரம் கற்பித்த சேர், பாடநூலில் இருந்ததைவிட இந்தப் பயணத்தைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார். பழைய சேலையை முக்கோணமாகக் கிழித்துக் கட்டுத்துணியாக்குவார். ஒரு மாணவனை நிலத்தில் கிடத்தி, பனைமட்டையை அவன் காலோடு சேர்த்து, விரல் நுழையும் தளர்வு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கட்டச் சொல்வார். பாம்பு கடித்தால், "தம்பி, கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், நடக்க விடவும் வேண்டாம்" என்பது அவர் வாக்கு. முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன்) பாம்பின் விஷம் இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிடுவதால், பிளேட்டால் கீறிய இடத்தில் குருதி நிற்காது. இறுக்கிய கயிறோ காலையே அழுகச் செய்துவிடும். வயல் வெட்டுக் காலத்தில் ஊரார் இவ்விரண்டையும் நல்லெண்ணத்தோடு செய்துகொண்டிருந்தார்கள். என் தொழிலின் முதற்பாடம் அதுவே என்பதை இலண்டனில் பராமெடிக்காகி, அதாவது அம்புலன்ஸில் சென்று அவசர சிகிச்சை அளிப்பவனாகி, பல ஆண்டுகள் கழிந்த பின்னரே முழுமையாக உணர்ந்தேன்.

நான் சேர்ந்தபோது வேலையோடு வேலையாகப் பயின்று தேறலாம். 2021 முதல் புதிதாகப் பயிற்சியில் சேர்பவர்களுக்குப் பட்டப்படிப்பு வேண்டும். இப்போது அந்த மாணவர்களுக்குக் கற்பிப்பதே என் பிரதான பணி. ஊசி ஏற்றவும் ஈ.சி.ஜி. வாசிக்கவும் அவர்கள் விரைவில் பழகிவிடுகிறார்கள். பதறி நிற்கும் குடும்பத்திடமிருந்து உண்மையைக் கேட்டறிவதுதான் கடினம். எம்மவர் வீடுகளில் இது இன்னும் சிக்கலானது. வியர்த்துக் கொட்டும் நிலையிலும் ஓர் அம்மா, "ஒன்றுமில்லைத் தம்பி, வாய்வுக் குத்து, இஞ்சி குடித்தால் சரியாகிவிடும்" என்று கூறி, முதலில் என் ஊரையே விசாரித்தார். ஈ.சி.ஜி. மாரடைப்பைக் காட்டியதால், அருகிலிருந்த மருத்துவமனையைத் தவிர்த்து, இதயக் குழாய் அடைப்பை நீக்கும் வசதியுள்ள நிலையத்துக்கே அவரை நேராகக் கொண்டு சென்றோம்.

இதயம் நின்றுவிட்டாலோ கதை வேறு. மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், எவரும் நெஞ்சை அமுக்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். எவ்வளவு விரைவான வண்டியானாலும், அதன் வருகைக்கு முந்திய அந்த நிமிடங்கள் வீட்டில் நிற்பவருக்கே உரியவை.

2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை, 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது. அழைப்பு இலக்கம் 1990. (அந்த எண் எமக்கு இரண்டாம் போர் தொடங்கிய ஆண்டாகவே முதலில் நினைவுக்கு வரும்.) பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் வண்டியிலேயே வருவது பெரிய மாற்றம்தான். ஆயினும் ஏ9 பிரதான வீதியிலிருந்து உள்ளே, குளக்கட்டுகளையும் காட்டுப் பாதைகளையும் கடந்து இருக்கும் குடியிருப்புகளுக்கு வண்டி வந்து சேர நேரமெடுக்கும். சேர் கற்பித்தது அங்கே இன்றும் தேவை.

ஆகையால் எமது பாடசாலைக்கு நுழைவாயில் வளைவு கட்ட நாம் காட்டிய உற்சாகத்தில் ஒரு பகுதியை, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவரின் முதலுதவிப் பயிற்சிக்கு ஒதுக்குமாறு எமது பழைய மாணவர் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். நெஞ்சை அமுக்கிப் பழகுவதற்கான மாதிரி உருவங்களின் செலவைச் சங்கம் ஏற்குமானால், விடுமுறையில் ஊருக்கு வந்து கற்பிக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். மருத்துவத் துறையிலுள்ள ஏனைய பழைய மாணவர்களும் பெயர் தந்தால், ஒரு பாடசாலையோடு நிறுத்தாமல் அயற்கிராமங்களுக்கும் செல்லலாம்.