மனக்காயப் பயிற்சியில் சேரும் முன் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்

சமூகப் பணியாளர்களுக்கு மனக்காயத்தையும் மனித உரிமையையும் சேர்த்துச் சொல்லித்தரும் பயிற்சியை ஒருவழியாக முடித்துவிட்டேன். விண்ணப்பம், கட்டணம், சான்றிதழ் எதிலும் சிக்கல் இல்லை. சிக்கல் வகுப்பறைக்குள்தான்.

முதல் அமர்விலேயே வட்டமாக உட்காரவைத்து, "உங்கள் வாழ்க்கையில் மிகவும் வலித்த சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்றார் பயிற்றுநர். முன்னறிவிப்பு கிடையாது. விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளவும் இடமில்லை. என் பக்கத்தில் இருந்தவருக்குப் பாதியிலேயே பேச்சு நின்றுவிட்டது; தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "பரவாயில்லை, அழுதுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார் பயிற்றுநர். எனக்கு இன்னும் ஆறவில்லை. அமெரிக்க அரசின் மனநலச் சேவை அமைப்பான சாம்சா (SAMHSA), மனக்காயம் பட்டவர்களோடு பணிபுரிவது பற்றி 2014இல் வெளியிட்ட வழிகாட்டியின் ஆறு கொள்கைகளில் முதலாவதே பாதுகாப்பு. பட்ட காயத்தை மறுபடி கிளறக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அதைப் பாடமாக நடத்துகிறவர் வகுப்பிலும் கடைப்பிடிக்க வேண்டாமா?

மனித உரிமைப் பகுதியில் ஐ.நா.வின் 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 30 பிரிவுகளையும் வரிசையாக வாசித்தார்கள், அவ்வளவுதான். ஒரு சிறுமியை எங்கே தங்கவைப்பது என்று முடிவெடுக்கும் முன் அவளிடம் கேட்டோமா? தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிற, ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12வது பிரிவை வைத்து இந்த ஒரு கேள்வியையே நாள் முழுக்கப் பேசியிருக்கலாம்.

நல்லவேளை, களப்பணி மேற்பார்வையாளர் நன்றாக அமைந்தார். உதவி தேடி வருகிறவரிடம் நாங்கள் நிரப்பும் பதிவுப் படிவத்தை எடுத்து, "இதற்குப் பதில் தெரிந்தால் இன்று இவருக்கு என்ன செய்யப்போகிறோம்?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டார். 'நடந்ததை விரிவாகக் கூறவும்' என்ற வரியை அங்கேயே அடித்தோம். காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்து வருகிறவரிடம், வந்ததும் வராததுமாக நாமும் ஏன் அதைக் கேட்க வேண்டும்? இப்போது முதல் கேள்வி, 'இன்று இரவு தங்க பாதுகாப்பான இடம் இருக்கிறதா?' அப்புறம், அவர் சொல்வதை யார் யார் படிப்பார்கள் என்பதை நாங்களே முதலில் சொல்லிவிடுகிறோம்.

சேரப்போகிறவர்கள் பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சொந்தக் கதையைச் சொல்ல மறுக்கலாமா? களப்பணியில் தொடர்ந்து மேற்பார்வை உண்டா? கேட்டுக் கேட்டு நமக்கே தூக்கம் கெட்டால் யாரிடம் பேசுவது? மற்றவர் வலியைத் தொடர்ந்து கேட்பவரையும் அது பாதிக்கும் என்று உளவியலாளர்கள் மெக்கானும் பேர்ல்மனும் 1990இலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு பயிற்சி தேடுங்கள்.

முதல் அமர்வைப் பற்றி நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிக்கொடுத்தோம். அடுத்த அணிக்கு அந்த வட்டப் பேச்சை எடுத்துவிட்டார்களாம்.