கேள்விப்பெட்டிக்கு (டெண்டர் பெட்டிக்கு) போகும் முன்

மாற்றுத்திறனாளி ஒருவர் நடத்தும் தையல் கடையோ அச்சகமோ மட்டக்களப்பில் அரச அலுவலகங்களுக்குப் பொருள் வழங்க, முதலில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்கட்டும். எழுத்து மாறினால் காசோலையை மாற்றுவது பெரும் தலையிடி.

அடுத்தது வழங்குநர் பதிவு. அறிவித்தல் பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் பத்திரிகையில் வரும். பொருள் வகைக்கு வகை கட்டணம் கேட்பார்கள், ஆகவே செய்து கொடுக்கக்கூடியதற்கு மட்டும் கட்டுங்கள். 50 இலட்சம் ரூபாவைத் தாண்டும் ஒப்பந்தங்களுக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தச் சட்டத்தின் கீழும் பதிவு வேண்டும்.

அலுவலகம் கேள்வி (டெண்டர்) கோரும்போது விலை எழுதிக் கொடுப்பது கேள்வி மனு. நல்ல விலை போட்ட மனுவும் சின்னத் தவறால் தள்ளுபடியாகும்: கையொப்பம் விடுபட்டிருக்கும், வெட்டித் திருத்திய எண்ணருகே சுருக்கொப்பம் இராது. தபாலில் அனுப்பிய திகதி கணக்கில்லை. முடிவு நேரத்துக்குள் மனு உறை போய்ச் சேர வேண்டும், பிந்தினால் திறக்காமலே திருப்பிவிடுவார்கள். உறையைப் போடும் கேள்விப்பெட்டி மேல்மாடியில் இருந்து சக்கர நாற்காலி ஏற வழியில்லையென்றால், நாலைந்து நாள் முந்தியே பதிவுத் தபாலில் போடுங்கள். பெட்டியைக் கீழ்த்தளத்தில் வைக்கும்படி எழுத்திலும் கேளுங்கள். இது சலுகையல்ல: இயலாமையைக் காரணம் காட்டிப் பொதுக் கட்டடத்துக்குள் நுழைவதைத் தடுக்கக்கூடாதென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது.